இரண்டு வருஷப் படிப்பு

செப்டம்பர் 10, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் மாதத்துக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. வரிசையில் நின்று, நம்பரைப் போட்டு, மணி அடித்து ஓய்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். பின்னால் நிற்பவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "உங்கக்கா நம்பர மாத்திட்டாங்கப்பா, ஊருக்கெல்லாம் சொன்னாங்க, உனக்கு மட்டும் சொல்லல" என்கிறான் ஒருவன். அதனால் இனிமேல் கடிதம்தான். தபால் பெட்டியில் போய் விழுந்துவிட்டால் நீ எப்படியும் பார்த்தாக வேண்டும்.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. இந்த மாதம் கேன்டீன் கணக்கில் பணம் போட முடியாது என்று நீ சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "படிச்சு என்னத்தக் கிழிச்சே, சூப்பர் மார்க்கெட்ல வண்டி தள்றவன் உன்னவிட நல்லா வாங்குறான்" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. நீயும் அம்மாவின் சாவை நடுவில் இழுத்திருக்கக் கூடாது. அதற்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிறைக்குள் கல்லூரி வந்திருக்கிறது. நீ ஜான்ஸ்டவுனில் படித்த அதே சமுதாயக் கல்லூரிதான். கைதிகளுக்கு நிறுத்தி வைத்திருந்த அரசாங்க உதவித்தொகையை இந்த ஜூலையிலிருந்து மறுபடி தருகிறார்கள். எங்கள் கையிலிருந்து ஒரு சென்ட் கிடையாது. எழுபது பேர் மனுப் போட்டதில் பதினெட்டுப் பேரை எடுத்தார்கள். அதில் நான் ஒருவன். வெல்டிங்கோ ஏர்கண்டிஷனரோ சொல்லித்தருவார்கள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் கருவிகள் வேண்டுமாம், கருவிகளை உள்ளே விட மாட்டார்களாம். ஆகவே கலைப் பிரிவு. சரித்திரம், தத்துவம், கட்டுரை எழுதுவது, கொஞ்சம் கணக்கு. நீ வாங்கிய அதே இரண்டு வருஷப் பட்டம்.

கணக்கு வகுப்பு எடுப்பவர் திருமதி வென்ட்லிங். எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். கலைப் பட்டம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்புக்கு வாங்கிய கடன் எவ்வளவு, படிப்பால் கூடுதலாக வந்த சம்பளம் எவ்வளவு, இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப் படித்த ஆள் நீ ஒருத்திதான்.

உன் எண்களைத் தருவாயா?

உன் தம்பி,
டெரிக்

*

அக்டோபர் 1, 2023

டெரிக்,

உன் கடிதம் வந்தது. நான் எழுதுவது உன் கைக்கு நேராக வராதாம், எங்கேயோ ஒரு இடத்துக்குப் போய் அங்கே நகல் எடுத்து நகலைத்தான் தருவார்களாம். அதனால் அழுத்தி எழுதுகிறேன்.

நம்பர் மாற்றவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்கள் கேட்டாய். நான்கு வருஷம் ஆயிற்று அந்த இரண்டு வருஷப் பட்டத்தை வாங்க, ஏனென்றால் பகலில் வேலை. எல்லாமாகச் சேர்த்து வாங்கிய கடன் பத்தொன்பதாயிரம் டாலர். அதில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் படித்ததும் சேர்த்தி. நான் இங்கே முடித்த பாடங்களில் பாதியை அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சம்பளம் குறைவு என்று தவணையைத் தள்ளிப்போட்ட வருஷங்களில் வட்டி ஏறியது. இப்போது இருபத்தாறாயிரத்துச் சொச்சம். கொரோனா வந்தபோது நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த மாதத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டும். மாதம் நூற்றெழுபத்திரண்டு.

சம்பளம் மணிக்குப் பதினாறு டாலர் முப்பது சென்ட். முதியோர் இல்லத்தில் அதே மேசைதான். யாருக்கு எந்த அறை, எந்தப் படுக்கை, யாருடைய காப்பீடு எதுவரைக்கும் செல்லும், அதைப் பார்க்கிறேன். பக்கத்து மேசையில் டார்சி. பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவள். எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்ததால் என்னைவிட நாற்பது சென்ட் கூட.

போன மாதம் மேலாளர் இடம் ஒன்று காலியானது. மனுப் போட்டேன். கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். "இதுக்கு நாலு வருஷப் பட்டம் கேட்கிறாங்களே நோரீன்" என்றார் நேர்காணல் எடுத்த அம்மாள். இரண்டு வருஷம் இருக்கிறது என்றேன். "அது தெரியும்மா. ஆனா கம்ப்யூட்டர்ல 'இருக்கு', 'இல்ல'ன்னு ரெண்டு கட்டம்தான் வருது. பாதின்னு கட்டம் இல்ல" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

எழுதிக்கொள். என் பெயரைப் போடாதே.

நோரீன்

*

அக்டோபர் 22, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

எண்கள் கிடைத்தன. நகலில் உன் எழுத்து நன்றாகத்தான் தெரிகிறது.

கணக்கைப் போட்டேன். பட்டம் வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட வாழ்நாளில் இவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று எங்கள் பாடத்தாளில் ஒரு அட்டவணை இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உன்னையும் டார்சியையும் வைத்துப் போட்டால் மைனஸ் வருகிறது. கையால் போட்ட கணக்கு, எங்காவது தப்பியிருக்கும் என்று மறுபடி மறுபடி போட்டேன். திருமதி வென்ட்லிங்கிடம் காட்டினேன். "கணக்கு சரிதான் டெரிக். அட்டவணையில இருக்கிறது சராசரி. சராசரியில யாரும் குடியிருக்கிறதில்ல" என்றார். பிறகு, டார்சியோடு ஒப்பிடுவதே தப்பு என்றும் சொன்னார். கல்லூரிக்கே போகாத இன்னொரு நோரீன் இருந்திருந்தால் அவள் என்ன வாங்கியிருப்பாள் என்று பார்க்க வேண்டுமாம். அவளை எங்கே போய்த் தேடுவது?

பக்கத்தில் உட்காருகிற ஏமஸ் என்ற கிழவர் என் தாளை எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாக உள்ளே இருப்பவர். "இருபத்தாறாயிரமா! அடப்பாவமே. உங்கக்கா பேசாம ஒரு மருந்துக்கடைய உடைச்சுட்டு இங்க வந்திருந்தா ஃப்ரீயா படிச்சிருக்கலாமே!" என்றார். வகுப்பே சிரித்தது. திருமதி வென்ட்லிங்கும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இன்னொன்று. ஏப்ரலில் எனக்கு ஐந்து வருஷம் முடிகிறது, பரோல் விசாரணை வரும். நடத்தை அறிக்கை சுத்தமாக இருக்கிறது. வெளியே வந்தால் எங்கே தங்குவேன் என்று ஒரு முகவரி கேட்பார்கள், அதிகாரி ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். அம்மா இருந்த ட்ரெய்லர் வீடு இப்போது இல்லை. உன் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? சோபாவில் படுத்துக்கொள்வேன். இரண்டு மாதம் போதும்.

டெரிக்

*

டிசம்பர் 3, 2023

டெரிக்,

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை இருந்தது என்று எழுத நினைத்தேன். வேலை எப்போதும்தான் இருக்கிறது.

ஏமஸ் சொன்னதைப் படித்தேன். நன்றாகச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரிக்க முடியுமா என்று பார்த்தேன். நீ அந்த மருந்துக்கடையை உடைத்த மறுநாள் நான் வேலைக்குப் போனபோது, அங்கே மாத்திரை வாங்குகிற பாட்டிகளின் பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். வரவேற்பு மேசையை விட்டுவிட்டு உள்மேசைக்குப் போய்விடுகிறாயா என்று மட்டும் மேலே இருப்பவர்கள் கேட்டார்கள். இதையும் உன் தாளில் எங்கேயாவது எழுத முடியுமானால் எழுதிக்கொள்.

அந்தக் கல்லூரிக்கு ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை. ஆனால் இந்த இரண்டு மாதமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஆலோசகர் என்று ஒரு பெண், மேசைமேல் பச்சை நிறக் கண்ணாடிக் கிண்ணத்தில் மிட்டாய் வைத்திருந்தாள். "என்ன பிடிக்கும் உனக்கு?" என்றாள். படிக்கப் பிடிக்கும் என்றேன். "அப்போ இதுதான்" என்று ஒரு தாளை நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் நல்லவள்தான்.

நான்கு வருஷம் அங்கே படித்ததில் ஏதாவது ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரலாம் என்று நேற்று பஸ்ஸில் உட்கார்ந்து முயற்சி செய்தேன். கார் நிறுத்தும் இடம் நினைவுக்கு வந்தது. பனி தள்ளாத கடைசி வரிசை. வேறு எதுவும் வரவில்லை. படித்த புத்தகங்களின் அட்டைகூட நினைவில்லை. எனக்கு வருத்தமாகவும் இல்லை.

காரை விற்றுவிட்டேன். தவணை கட்ட ஆரம்பித்த பிறகு அதற்குப் பெட்ரோல் போட முடியவில்லை.

முகவரி தர முடியாது. இந்தக் கட்டடத்தின் ஒப்பந்தத்தில் குற்றப் பதிவு உள்ளவர்கள் தங்கக் கூடாது என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் தந்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத விருப்பமில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நோரீன்

*

ஜனவரி 14, 2024

அக்கா,

மருந்துக் கடைப் பேச்சை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது அது வெறும் சிரிப்பாகத்தான் தெரிந்தது. உன் பதிலை வாங்கியபின் அதைத் திரும்பப் படிக்க என்னிடம் நகலில்லை, ஆனால் என்ன எழுதினேன் என்று ஒரு வரி விடாமல் நினைவிருக்கிறது.

முகவரி பரவாயில்லை. முகவரி இல்லாதவர்களைப் பிட்ஸ்பர்கில் ஒரு விடுதிக்கு அனுப்புகிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். போய்விட்டு இரண்டே மாதத்தில் திரும்பி வந்தவன் ஒருவன் எங்கள் வரிசையில் இருக்கிறான். "உள்ள இருந்ததவிட அங்க மாத்திரை சுலபமா கிடைச்சுதுடா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் வேறொன்று யோசிக்கிறேன். இப்போதைக்கு யாருக்கும் சொல்லவில்லை.

படிப்பு மொத்தம் இருபது பாடம். நான்கு முடித்துவிட்டேன். நான்கிலும் நல்ல மதிப்பெண், கட்டுரைக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. ஏப்ரலில் வெளியே போனால் பத்துக்கூட முடிந்திருக்காது. வெளியிலும் உதவித்தொகை உண்டு என்கிறார்கள். ஆனால் நீயும் உதவித்தொகை வாங்கியவள்தான். உன் கடன் பாடத்துக்காகவா ஏறியது? வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தானே? இங்கே அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது.

பரோல் விசாரணை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்தது ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் கிட்டத்தட்ட முடித்துவிடுவேன், கடனில்லாமல்.

வேலை கிடைக்கும் என்பதற்காக இல்லை. என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் வகுப்பு. அந்த இரண்டு நாளும் கண்ணை விழிக்கும்போது எதற்கு விழிக்கிறேன் என்று தெரிகிறது. மற்ற நாட்களில் தெரிவதில்லை. இதை உனக்குச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

நீ என்ன நினைக்கிறாய்? பிப்ரவரி நடுவில் முடிவு சொல்ல வேண்டும்.

டெரிக்

*

பிப்ரவரி 16, 2024

அக்கா,

உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். இன்றுதான் கடைசி நாள். விசாரணை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கவுன்சிலர் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "நிஜமாவா? ஒரு வருஷம்டா. சரித்திரப் பாடத்துக்காகவா?" என்றார். அடுத்த பருவத்தில் தத்துவமும் இருக்கிறது சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த ஆபீஸ்ல பத்தொன்பது வருஷம் ஆச்சு. வெளிய விடுங்கன்னு அழுதவங்களத்தான் பார்த்திருக்கேன்" என்றபடி பேனாவைக் கொடுத்தார்.

எழுதிக்கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து ஏமஸுக்கு என்மேல் கோபம். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

டெரிக்

*

பிப்ரவரி 18, 2024

டெரிக்,

ஜனவரிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை, ஏனென்றால் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

ஒரு வருஷத்தைக் கொடுத்து அந்தப் பட்டத்தை வாங்காதே. நான் பணத்தைக் கொடுத்து வாங்கினேன். கடனாவது எப்போதாவது தீரும். உனக்கு முப்பத்திரண்டு வயது. பட்டத்தைச் சட்டம் போட்டு என் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் உன் பெயரை எழுதிக்கொள், நீ பத்துப் பாடத்தோடு வெளியே வா.

வேறு வீடு பார்த்துவிட்டேன். சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே இயந்திரங்கள் ஓடினால் மேலே தட்டுகள் ஆடும். வீட்டுக்காரி மிசஸ் பவ்லிக், அவளே கீழே கடையையும் நடத்துகிறாள். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், சிறையிலிருந்து தம்பி வருவான் என்று.

"என்ன பண்ணான்?"

"மருந்துக்கடைய உடைச்சான்."

"யாரையாவது அடிச்சானா?"

"இல்ல."

"இப்பவும் மாத்திர போடுறானா?"

"அஞ்சு வருஷமா இல்ல."

"சிகரெட்?"

"பிடிப்பான்."

"அதான் வேணாங்கிறேன். துவச்ச துணியில நாத்தம் ஏறும். தெருவுல போய் பிடிக்கச் சொல்லு" என்று சாவியைக் கொடுத்தாள்.

முன்பணம் கட்டிவிட்டேன். காரை விற்ற பணத்தில் மிச்சமிருந்தது. உனக்குப் பின்பக்க அறை. ஜன்னல் ரயில் பாதையைப் பார்த்திருக்கிறது. கட்டில் இல்லை, மெத்தை இருக்கிறது.

முகவரியைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நகலில் தெரிவதற்காக. உங்கள் அதிகாரி எந்த நாளில் வந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் மாலைவரை வேலையில் இருப்பேன்.

நோரீன்

*

மார்ச் 10, 2024

டெரிக்,

உன் கடிதம் என்னுடையதைத் தபாலில் போட்ட நாலாவது நாள் வந்தது.

நீ எழுதிக்கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா என்று உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். நான்கு பேரிடம் மாற்றிவிட்டார்கள். நான்காவது ஆள், "உங்க தம்பியே கேட்டுத்தானே எழுதிக்கொடுத்திருக்கார்" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு அறை வாடகையை ஒருத்தியாகக் கட்ட முடியாது. பின்பக்க அறைக்கு டார்சி வந்திருக்கிறாள். அவளும் அவள் புருஷனும் பிரிந்துவிட்டார்கள். நல்ல பெண். நிறையப் பேசுகிறாள். தட்டுகள் ஆடும்போது கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

எனக்குக் கோபமில்லை. இருக்கிறதா என்று பார்த்தேன்.

படி.

நோரீன்

*

ஜனவரி 19, 2025

அக்கா,

பத்து மாதமாக நீ எழுதவில்லை. நான் எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் மாதம் இருபது டாலர் என் கேன்டீன் கணக்கில் வருகிறது. போடுகிறவர் பெயரை ரசீதில் அச்சடித்துத்தான் தருகிறார்கள். நன்றி.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வகுப்பை நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் திருமதி வென்ட்லிங் வந்தார். வழக்கம்போலக் கரும்பலகைப் பக்கம் போகாமல் எங்கள் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே கல்லூரியிலேயே மாணவர்கள் குறைந்துவிட்டார்களாம். ஆசிரியர்களில் பாதிப் பேரை அனுப்புகிறார்களாம், அவரும் அதில் ஒருவர். சிறை வகுப்புக்கு இனி ஆள் இல்லை. "நான் என்ன சொல்லட்டும்" என்றார். ஏமஸ்தான், "டீச்சர், நீங்க படிச்ச படிப்புக்கு வெளிய என்ன வேல கிடைக்கும்?" என்று கேட்டார். கிண்டலில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். "தெரியல ஏமஸ்" என்று அவர் சொன்னார். பிறகு எங்கள் எல்லோருடைய கையையும் குலுக்கினார். அது இங்கே தடை. காவலர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பதினெட்டுப் பாடம் முடிந்துவிட்டது. மீதி இரண்டு. தபால் வழியாக முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தபால் படிப்புக்கு உதவித்தொகை இல்லை, கட்டணம் நாமே கட்ட வேண்டும். ஒரு பாடம் எழுநூற்று நாற்பது. நான் சமையலறையில் மணிக்கு நாற்பத்திரண்டு சென்ட் வாங்குகிறேன். கணக்கை நீயே போட்டுக்கொள்.

ஏப்ரலில் மறுபடி விசாரணை. இந்தத் தடவை போவேன். பதினெட்டுப் பாடம் என்று எழுதிக்கொள்ளக் கட்டம் இருக்காது என்று நீ ஏற்கெனவே எனக்கு எழுதியிருக்கிறாய்.

எனக்கு அழுகை வரவில்லை. வரிசையில் நிற்கிறேன், சாப்பிடுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் அந்த நேரத்துக்குக் கால் தானாக அந்த அறைப் பக்கம் போகிறது. அறையில் இப்போது பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஒன்றும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. முகவரியும் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க் விடுதி என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

டெரிக்

*

பிப்ரவரி 23, 2025

அன்புள்ள டெரிக்,

நான் பதில் போடாத உன் மூன்று கடிதத்தையும் வாசித்தேன். பதில் எழுத உட்காருவேன், தேதி போடுவேன், அதற்கு மேல் கை போகாது. அது உன்னால் இல்லை. எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. டார்சி ஒருநாள், "நீ சாப்பிடுறத பார்த்தா தபால்தலை ஒட்டுற மாதிரி இருக்கு நோரீன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போனேன். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு. பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. முகப்பில் புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். உள்ளே யாரையும் காணோம். நூலகத்தில் பாதியை மூடி, விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டும் ஜன்னலில் ஒரு சின்னப் பெண், நகத்துக்கு நீலச் சாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கா மேடம்?"

"என் தம்பிக்கு. தபால் வழியில ரெண்டு பாடம்."

"அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே."

"வர முடியாது."

"ஏன்னு கேட்கலாமா?"

"கேட்கலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. வேறொரு தாளை எடுத்தாள், அதில் உறவினரே கையெழுத்துப் போடலாமாம். என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் என் பழைய பதிவு வந்துவிட்டது. "அட, நீங்க நம்ம காலேஜ்தானா! பழைய மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனா உங்களுக்குத்தான், தம்பிக்கு வராது. நீங்களும் ஏதாவது ஒரு வகுப்பு எடுக்கலாமே மேடம்?" என்றாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவளும் சிரித்தாள், ஆகவே சிரித்திருப்பேன்.

இரண்டு பாடத்துக்கும் தபால் செலவுக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினெட்டு. கட்டிவிட்டேன். இந்த வருஷம் வருமான வரியில் திரும்பி வந்த பணம் இருந்தது. அதில் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

நீ கணக்குப் போடுவாய் என்று தெரியும். போடாதே, நான் போட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போதே போட்டேன். உனக்கு அந்தப் பட்டத்தால் மணிக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்கப்போவதில்லை. எனக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் வாரத்துக்கு எட்டு மணி. எப்படிப் போட்டாலும் நஷ்டம்தான். ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போதும் அது தெரியும். நன்றி என்று எழுதாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியே வரும்போது அந்தக் கட்டடத்தின் பக்கவாசல் வழியாக வந்தேன். பத்தாம் எண் அறை திறந்திருந்தது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வாசலில் நின்றேன். நான் ஜன்னலோரம் மூன்றாவது இடத்தில் உட்காருவேன். எனக்குப் பின்னால் உட்காருகிற ஒரு டிரக் டிரைவர், ராத்திரி ஓட்டிவிட்டு நேராக வகுப்புக்கு வந்து தூங்குவான். ஒருநாள் பாடத்தின் நடுவில் விழித்து, "அந்த ராஜா செஞ்சது சரின்னு யாரு சொன்னது?" என்று கத்தினான். எந்த ராஜா, என்ன செய்தான் என்று எனக்கு இன்னும் நினைவு வரவில்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பு முடிந்தபிறகும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கார் நிறுத்துமிடத்தில், பனியில் நின்று அதைப்பற்றியே சண்டை போட்டோம். நான் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். என் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெளியே வந்தேன், வீட்டுக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

டார்சி மார்ச் கடைசியில் தன் மகள் வீட்டுக்குப் போகிறாள். பின்பக்க அறை காலியாகிவிடும். வாடகையை நான் ஒருத்தி இரண்டு மாதம் தாங்குவேன். மூன்றாவது மாதம் தாங்க மாட்டேன். பிட்ஸ்பர்க் என்று எழுதிக்கொடுத்திருந்தால் அடித்துவிட்டு எழுது. மிசஸ் பவ்லிக்கிடம் மறுபடி சொல்லிவிட்டேன். "இந்தத் தடவையாவது வருவானா?" என்றாள். தெரியாது என்றேன்.

முதல் பாடத்தின் தாள்கள் உனக்கு மூன்று வாரத்தில் வருமாம். வந்தவுடன் ஆரம்பித்துவிடு. கட்டுரை எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. திருத்த மாட்டேன்.

அம்மா போனதிலிருந்து நான் அங்கே வரவில்லை. எந்த நிறத்துணி போட்டால் உள்ளே விட மாட்டார்கள், பழுப்பா நீலமா, மறந்துவிட்டது. பார்வையாளர் பட்டியலில் என் பெயரை இன்னும் வைத்திருக்கிறாயா, எடுத்துவிட்டாயா? வைத்திருந்தால் எழுது. டார்சி அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை தன் காரைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் அக்கா,
நோரீன்